சொட்டு நீலம்

முதலில் சொன்னது சுவர்தான்.
முழங்கால் உயரத்தில் வெள்ளையாகப் பூத்து
தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.
பெயிண்ட் சரியில்லை என்றார்கள்.

பிறகு மோட்டார்.
கீழ்த்தளத்துக் குழியில் கிடக்கிற அது
ஐப்பசி மழையில் மணிக்கொரு தடவை முனகும்.
இப்போது மாசி வெயில், தூறல்கூட இல்லை,
சுபுஹு பாங்குக்கு முன்னால் விழித்து
இரைந்து ஓய்ந்து
நான் புரண்டு படுப்பதற்குள்
மறுபடி இரைகிறது.

"கடல்தான் செய்னம்பு,
கீழக்கரையில் அதைக் கேட்காமல் தோண்டினால் அப்படித்தான்"
என்றார் மச்சான், ஷார்ஜாவிலிருந்து.
தோண்டச் சொன்னவரே அவர்தான்.
அங்கே எல்லாக் கட்டடத்துக்கும் அடியில் கார் நிற்கிறதாம்.
எங்களுக்குக் கார் இல்லை.
இரண்டு சைக்கிள், ஓடாத பிரிட்ஜ்,
நிக்காஹ் விருந்துக்கு வாங்கிய இருபது சஹன்.

பிறை பதினாலில் இறங்கிப் பார்த்தேன், கடல் ஏறும் நாள்.
பிறை இருபத்திரண்டில் பார்த்தேன், ஏறாத நாள்.
மோட்டாருக்கு இரண்டும் ஒன்று.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்புத்தான்.
ஆனால் எங்கள் தெருவில் கிணறும் உப்பு, சுவரும் உப்பு,
உப்பைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மாமாவின் ஜிப்பாவுக்கு வைத்திருந்த
சொட்டு நீலத்தில் அரை பாட்டில்
குழியில் கவிழ்த்தேன்.
மோட்டார் குடித்தது,
தெருச் சாக்கடையில் துப்பிவிட்டு நின்றது.
டார்ச்சோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நூறுகூட எண்ணவில்லை.
போன குழாய் வழியாகவே
நீலம் திரும்பி வந்தது,
கொஞ்சம் வெளுத்து,
யார் வீட்டு மீன் செதிலோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு.

மண்டபத்திலிருந்து பஸ் ஏறி வந்த சந்தியாகு
குழாயைத் தட்டிப் பார்த்து
"வால்வு எங்கேக்கா?" என்றான்.
போக விட்டுத் திரும்ப விடாத ஒரு கதவாம்,
உள்ளங்கை அளவு பித்தளை.
எங்கள் ஊரில் எல்லா வாசலிலும்
அது இருப்பதாக நினைத்திருந்தேன்.
காண்ட்ராக்டர் சேதுராசு பில்லில் இருக்கிறது,
பதினேழாவது வரி.
குழாயில் இல்லை.

ஒரு வருஷமாக
அதே தண்ணீரை வெளியே அனுப்பி
அதையே உள்ளே வாங்கி
கரண்டு பில்லும் கட்டியிருக்கிறோம்.

குழியைப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.
பதில் வந்தது:
"பாத்தியா, கடல் மாதிரியே இருக்கு."