நூற்றுப் பதினான்காம் பக்கம்

ஜூன் மாதம் புந்தா அரேனாஸில்
நாலரைக்கே இருட்டிவிடும்.
நண்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து
தெருமுனைக் கயிற்றைப் பிடித்தபடி
காற்றோடு மல்லுக்கட்டி வீடு சேர்ந்தால்
அடுப்பு, ஒரு குடுவை மாத்தே, புத்தகம்.
இந்த மாதம் ஐந்து.

தலையணை கனத்தில் ஒரு சரித்திர நாவல்.
அரசி குதிரை ஏறவே இருநூறு பக்கம்.
குதிரை பாவம்.
ஆனால் ஓரிடத்தில், சமையல்காரி ஒருத்தி
பூண்டு உரித்தபடி யுத்தச் செய்தி கேட்கிறாள்.
கேட்டுவிட்டு
இன்னும் இரண்டு பல் கூடுதலாக உரிக்கிறாள்.
ஏனென்று நாவல் சொல்லவில்லை.
அந்த ஒரு பத்திக்காக
அரசியை மன்னித்தேன்.

அடுத்தது கவிதைகள்.
திறந்த பக்கமெல்லாம் நிலா.
இங்கே மூன்று வாரமாக மேகம்;
நிலாவை நம்புவதே சிரமமாக இருந்தது.
ஓரத்தில் யாரோ பென்சிலால்
'பொய்' என்று எழுதியிருந்தார்கள்.
அழித்துவிடலாமென்று ரப்பரை எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வெற்றி பெறுவது எப்படி என்று ஒன்று.
முன்னட்டையில் சிரிப்பவர்
பின்னட்டையிலும் சிரிக்கிறார்.
அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

துப்பறியும் கதையில்
பல் டாக்டர்தான் கொலைகாரன் என்று
பன்னிரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.
தெரிந்தும் விடிய விடியப் படித்தேன்.
மறுநாள் நண்டுக்கால் உடைக்கையில்
விரலை வெட்டிக்கொண்டேன்.
இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

ஐந்தாவதுதான் சிக்கல்.
மனைவியை இழந்த மாலுமியின் கதை.
அழு, அழு என்று விலாவில் இடிக்கும் நடை.
'கண்ணில் வெங்காயம் பிழிகிறான்' என்றேன்
நூலகத்து நெலிதாவிடம்,
சாப்பாட்டு இடைவேளையில் ஆறு பேரிடம்,
கேட்காத பஸ் டிரைவரிடமும்.

பக்கத்து வீட்டு ரதோமிரோ பாவிசிச்
அதையே எடுத்துப்போயிருக்கிறார்.
அவருடைய யாத்ரான்கா
போன மார்ச்சில்தான்.

சனிக்கிழமை கதவைத் தட்டினார்.
"செத்தவளின் செருப்பை என்ன செய்வதென்று
இதில் இருக்கிறது."
"எங்கே?"
"நூற்று நாற்பதில்."
பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்.
எங்கள் தொழிற்சாலையின் சிவப்பு நண்டு லேபிள்.
"நூற்றுப் பதினான்கில் இருந்தது.
உங்களுடையதுதானே?"

குத்திக்காட்டவில்லை.
கண்டெடுத்த பொருளை
உரியவரிடம் சேர்க்கிற முகம், அவ்வளவுதான்.
காற்று அவர் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது.
உள்ளே வாருங்கள் என்று சொல்ல
எனக்குத் தோன்றவே இல்லை.

புத்தகம் மறுபடி என்னிடம்.
நூற்றுப் பதினான்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது:
ஒரே பக்கத்தில் மூன்று முறை 'கண்ணீர்க் கடல்',
எண்ணிப் பார்த்தேன்.
பஸ் டிரைவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நூற்று முப்பத்தெட்டு வரை வந்திருக்கிறேன்.
மாத்தே ஆறிவிட்டது.
செருப்பு இன்னும் வரவில்லை.