நாலு சென்டிமீட்டர்

மவுண்ட் ட்ரூயிட் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில்
எங்கள் வெள்ளை வேன் நிற்கும், செவ்வாய்தோறும்.
உள்ளே ஒரு நாற்காலி, எடை மெஷின்,
தலையாட்டியபடி ஒரு மின்விசிறி, நான்.
என் கழுத்தில் அளவு நாடா.

முன்பின் தெரியாதவர்களின் இடுப்பைச் சுற்றிக்
கைவிடுகிற உத்தியோகம்.
கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில்
ஒரு மெத்தென்ற இடம் உண்டு,
விரலால் தேட வேண்டும்.
தேடும்போதே மூச்சை இழுத்துக்கொள்வார்கள்.
போலீஸ்காரர் இழுப்பார். பாதிரியார் இழுப்பார்.
'விடுங்கள்' என்பேன்.
விட்ட பிறகு வருவதுதான் கணக்கு.

படிவம் வயதைக் கேட்கும்,
பிறந்த நாட்டைக் கேட்கும்,
எதுவரை படித்தாய் என்று கேட்கும்,
வாரச் சம்பளம் கேட்கும்போது குரல்கள் தாழும்.
நேற்று எத்தனை கைப்பிடி காய்கறி?

மரீனுக்கு அறுபத்து மூன்று.
'உருளைக்கிழங்கு சேருமா?' என்றாள்.
படிவத்தைப் புரட்டினேன். சேராது.
அவள் தெருவில் பழக்கடை மூடி மூன்று வருஷம்.
ரெண்டு குடைமிளகாய் வாங்கும் காசுக்கு
ஒரு பொட்டலம் சிப்ஸ், சுடச்சுட,
வினிகர் வாசனையோடு, பேரன்களுக்கும் சேர்த்து.
பஸ் மணிக்கு ஒன்று.
மூட்டுவலி போக நடக்கச் சொல்கிறார் டாக்டர்.
நடந்தால் மூட்டு வலிக்கிறது.
இதற்குக் கட்டம் கிடையாது,
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

ஃபெலெட்டி கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
நாடாவின் மறுமுனையைத்
தன் முதுகுக்குப் பின்னால் அவனே வாங்கிக் கொடுத்தான்.
தட்டில் மீதம் வைத்தால்
சமைத்தவளை அறைந்ததாக அர்த்தமாம் அவன் வீட்டில்.
எங்கள் வீட்டிலும்தான் என்றேன்.
இருவரும் சிரித்தோம், எண் மாறவில்லை.

மத்தியானம் குகதாசன் வந்தான்.
நாற்பத்து நாலு வயது.
இரவில் ஈஸ்டர்ன் கிரீக் குளிர்கிடங்கில் பெட்டி பிரிப்பு,
விடிந்தால் வாடகைக் கார்.
கை கால் குச்சி, நடுவில் மட்டும்
சட்டைக்குள் ஒளித்த முலாம்பழம்.
தொண்ணூற்று மூன்று.
தெம்பாகச் சுவர் அட்டவணையைப் பார்த்தான்:
'தொண்ணூற்று நாலு வரைக்கும் பிரச்சினையில்லை எண்டு போட்டிருக்கு.'
'அது அவங்களுக்கு.
நம்ம பக்கத்து ஆம்பளைங்களுக்குத் தொண்ணூறு.'
கொஞ்ச நேரம் யோசித்தான்.
'விசாவிலையும் எங்களுக்குத்தான் குறைச்சல்,
வயித்திலையுமோ?'

எனக்கு எண்பது.
அட்டவணையில் இருக்கிறது.
நான் என்னை அளந்ததில்லை,
காலையில் காரில் ரெண்டு மீட் பை தின்றதை
யாரும் கேட்டதும் இல்லை.

'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரத் தூக்கம்?'
'எந்த நாள்?' என்றான்.
ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றினேன்.
பட்டை உப்பியது, இறுக்கியது,
பிறகு புஸ்ஸென்று தானே தளர்ந்தது.
அதோடு அவனும்.
தலை பக்கவாட்டில் சாய்ந்து
வாய் லேசாகத் திறந்துகொண்டது.

வெளியே பதினொரு பேர் வரிசையில்.
பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன்.
அவன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது,
யாரிடமும் ஒளிக்காமல்,
அன்று நான் பார்த்த வயிறுகளில்
அது ஒன்றுதான் அப்படி.
கதவைச் சாத்திவிட்டு
மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

எழுந்ததும் வெட்கப்பட்டு,
மன்னிப்புக் கேட்டு,
நடைப்பயிற்சி பற்றிய துண்டுப்பிரசுரத்தை
நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
கார்ச் சாவியைத் தேடியபடி போனான்.

தூக்கம் என்ற கட்டத்தில்
இருபத்திரண்டு நிமிடம் என்று அடித்தேன்.
நான் கண்ணால் கண்ட கணக்கு அது ஒன்றுதான்.
கணினி ஏற்கவில்லை.
மணிக்கணக்கு மட்டும்தானாம், அதுவும் முழு எண்ணாக.
பூஜ்யம் போட மனசில்லை.
ஒன்று என்று போட்டுவிட்டு
'அடுத்தவர்' என்றேன்.

படியேறி வந்தவள்
வாசலிலேயே மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள்.