காலி ஜார்

சந்தூர் மாம்பழக் கூழ் ஆலையில்
பதினோரு சீசனாய் எனக்குக் கட்டைவிரலில் வேலை.
காம்படியில் ஒரு அழுத்து:
இது போகட்டும், இது ரெண்டு நாள் கிடக்கட்டும்,
இது உள்ளே கெட்டது.
மேலே பொன்னாய் மின்னும் செந்தூராவிடம்கூட
ஏமாந்ததில்லை.

அந்த விரல்தான் குளிக்கும்போது ஒருநாள்
இடது மாரில் நின்றுவிட்டது.
யாரும் கேட்காமலே
அதற்குப் பதில் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் கிளிமூக்கு மாங்காய்க்குப் பேர் பெங்களூரா.
லோடு லோடாய் என் கையில் புரண்ட பேர்.
அந்த ஊரைப் பார்த்தது இப்போதுதான்,
விடியுமுன் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி
அத்திப்பள்ளி தாண்டியதும் போர்டு எழுத்தெல்லாம் சுருண்டுகொள்ள,
மடியில் ஸ்கேன் கவரோடு.
"செகண்ட் ஸ்டேஜ்" என்றார் டாக்டரம்மா.
ரெண்டாம் ரகமா என்று கேட்டேன்.
கூழுக்குப் போகும், ஏற்றுமதிக்கு ஆகாது.
அவருக்குப் புரியவில்லை.
திம்மராயனுக்குப் புரிந்தது.
என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அழ இடமில்லை.
ஒரே அறை, ஒட்டினாற்போல் கொழுந்தன் வீடு,
பத்தாவது படிக்கிற மகள்.
மிக்ஸி போட்டு அழப் பழகினேன்.
மூன்றில் வைத்தால் எவ்வளவு கத்தினாலும் கேட்காது.
தேங்காய், பொட்டுக்கடலை, வெறும் தக்காளி,
எது கிடைத்தாலும்.
"தினமும் சட்னியாம்மா" என்று முகம் சுளித்தாள் ஹேமஸ்ரீ.
மைபோல அரைத்திருந்தேன்.

"தைரியமா இரு" என்றவர்கள் இதுவரை முப்பத்திரண்டு பேர்.
பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.
கஷாயம் சொன்னவர்களுக்குத் தனிப் பக்கம்.

ரெண்டாவது ஊசி போட்டு வந்த வாரம்
முடி சீப்போடு வந்தது,
அப்புறம் சீப்பே வேண்டியிருக்கவில்லை.
அன்று அசந்து தூங்கி, நடு ராத்திரி விழித்தால்
அடுப்படியில் மிக்ஸி ஓடுகிறது.
சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.
விளக்குப் போடாமல் நிற்கிறான் திம்மராயன்,
மூடியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு.
ஜாரில் ஒன்றுமில்லை.
மோட்டார் சூடேறி ரப்பர் வாடை.

நான் நிறுத்தச் சொல்லவில்லை.
பக்கத்தில் நின்று
அவன் கைமேல் என் கையை வைத்தேன்.
முழங்கைவரை அதிர்ந்தது.

கொழுந்தன் சுவரைத் தட்டினான்,
"இந்நேரத்துல என்னத்த அரைக்கிறீங்க?"
மிக்ஸியை நிறுத்தி,
"ஒண்ணுமில்ல" என்றோம், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

உண்மைதானே.
எங்கிருந்து வந்ததோ, சிரிப்பு.
வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.
மறுபடி மிக்ஸியைப் போடவேண்டியதாயிற்று.