வரம்புக்குள்

மரியநாயகத்தாரின் மொட்டைமாடியில்
ரவர் ஏறியது வைகாசியில்.
பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்கு
இருபத்துமூன்று வீடு.
ஆடியில் போன மனுவில் இருபத்திரண்டு கையெழுத்து.
மற்றது அவருடைய வீடு.

றிபாயா ரீச்சருக்கு நெஞ்சுப் படபடப்பு.
கொன்சலற்றாவின் முருங்கை பூத்துப் பூத்து உதிர்ந்தது.
தையற்கடைக் குணபூஷணி முழுகாமல் இருந்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை,
கடதாசி கிழிய அழுத்தி ஒப்பமிட்டாள்.
நான் எழுதினேன்:
"ரவர் வந்த நாள்முதல் தலையிடி."

கோட்டையடி மான்கள்
அங்கத்தைய ரவருக்குக் கீழேதான் படுக்குது,
ஒன்றுக்காவது ஏதும் வந்ததா என்றார் மரியநாயகத்தார்.
மானுக்குக் கிளினிக் கொப்பி இல்லை என்றேன்.

கொழும்பிலிருந்து வந்த பொடியன்
மஞ்சள் பெட்டியொன்றைக்
குசினி யன்னலருகே நீட்டிப் பிடித்தான்.
எண்கள் அரணைபோல் ஓடி நின்றன.
"வரம்புக்குள்தான் இருக்கு அக்கா."

தம்பலகாமத்தில் பிறந்தவள் நான்.
வரம்பு என்றால் எனக்கு
இரவில் நண்டு துளைப்பது,
விடியப் பார்த்தால்
எங்கள் தண்ணீர் அடுத்தவன் வயலில் நிற்பது.
"நண்டு இருக்குமோ தம்பி?"
அவனுக்கு விளங்கவில்லை.
தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர்
என் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினார்.
தலையிடி என்று முதலில் எழுதியிருந்தது
போன மார்கழி.
ரவருக்கு ஐந்து மாதம் முந்தி.
நான் பொய் சொல்லவில்லை.
இருக்க இடமில்லாமல் பறந்த நோவு
உயரமாய் ஒரு இரும்பைக் கண்டதும்
காகம்போல் போய்க் குந்திவிட்டது.

"கண்ணாடியை மாத்துங்கோ.
ரவரால என்று இதுவரைக்கும் நிரூபிக்கேல்லை."
அந்த 'இதுவரைக்கும்'
மருந்துத் துண்டோடு மடிந்து
என் பையில் கிடக்கிறது.

கார்த்திகைப் புயலில் கரண்ட் போய்
ரவரின் ஜெனரேற்றரும் நின்றது.
நுளம்புவலையில் சிவப்பு விளக்கு விழாத இரவு.
அப்படியொரு நித்திரை எனக்கு.
கதிர் நின்றதாலா, இரைச்சல் நின்றதாலா,
வெளிச்சம் நின்றதாலா,
எந்தப் பெட்டி அளக்கும் அதை?

நடுச்சாமத்தில் கதவைத் தட்டினார்கள்.
குணபூஷணிக்கு வலி.
அம்புலன்சைக் கூப்பிட
ஒழுங்கையில் ஒரு போனிலும் சிக்னல் இல்லை.
முழங்கால் வெள்ளத்தில்
மரியநாயகத்தார்தான் ஓட்டோவை இறக்கினார்.

பெண்பிள்ளை. இரண்டு கிலோ எண்ணூறு.
அவர்கள் படுக்கும் அறைக்கும் ரவருக்கும் நடுவில்
ஒரு மதில்.

இரண்டாம் மனு வந்திருக்கிறது.
இந்தமுறை எழுதினேன்:
"தலையிடி உண்டு. காரணம் தெரியாது.
தெரியும்வரைக்கும்
தொட்டிலுக்கு இவ்வளவு கிட்ட வேண்டாம்."

போனில் படமெடுத்து அனுப்பினேன்.
உடனே போய்ச் சேர்ந்தது.