கறை பார்த்த ஊர்கள்

இத்தாலியை ஒன்பது மாதம்
துண்டுகளில் பார்த்தவன் என் கணவன்.
கப்பலின் அடித்தட்டில், கடல்மட்டத்துக்கும் கீழே,
ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில்
பதினாலாம் நம்பர் மிஷின் அவனுடையது.

லா ஸ்பெசியாவில் கப்பல் கட்டும் நாட்களில்
காலையிலேயே பயணிகள் தொப்பி வைத்து இறங்கிவிடுவார்கள்.
பாறையில் தொற்றிய மஞ்சள் வீட்டு ஊர்கள்,
மதியம் மீன், மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டும்.
ஆறு மணிக்கு அந்த ஊர்களெல்லாம்
சக்கரம் வைத்த கூடையில் இவனிடம் வரும்.
எலுமிச்சை வாசம் என்றால் ஓர் ஊர்.
கூழாங்கல் தூசி என்றால் அதற்கு அடுத்தது.
ஆலிவ் எண்ணெய்க்கு எழுபது டிகிரி,
ஒயினுக்கு முதலில் பச்சைத் தண்ணீர்.

"கரை நல்லா இருந்துச்சா?" என்று போனில் கேட்டேன்.
"எந்தக் கறை?" என்றான்.
எங்கள் தெருவில் இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு.

போன வியாழக்கிழமை காலடிப்பேட்டையிலிருந்து
அண்ணியின் ஸ்கூட்டியில் கிளம்பினோம்.
வண்டி ஓட்டியது நான்.
பின்னால் டில்லிபாபு, மடியில் தண்ணீர் பாட்டில்,
சுற்றுலா வந்தவனைப் போல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள்
நின்றன, நின்றன, இன்னும் நின்றன.
இந்தப் பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கல்,
அதன்மேல் யாரோ காயப்போட்ட மஞ்சள் நைட்டி.
"இந்தா, உன் மஞ்சள் வீடு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
கண்ணுக்கு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

தாழங்குப்பத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றியவர்
தலை நிமிராமலே கேட்டார்:
"இத்த பாக்கவா வந்தீங்க?"
"ஆமாண்ணா" என்றான்,
டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி.
முகத்துவாரத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக இருந்தது.
அத்திப்பட்டு தாண்டுவதற்குள்
என் புருவத்தில் சாம்பல் இருப்பதாகச் சொல்லி
கட்டைவிரலால் துடைத்தான்.

மீஞ்சூரில் பின் டயர் பங்க்சர்.
அவனும் குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.
பங்க்சர் கடைப் பையன் கப்பலைப் பற்றிக் கேட்டதும்
இவன் பேச ஆரம்பித்தான் பாருங்கள்:
மலையைப் படிக்கட்டாய் வெட்டிய திராட்சைத் தோட்டம்,
குகைக்குள் நுழைந்து நுழைந்து போகும் ரயில்,
இரண்டு குகைக்கு நடுவே ஒரு நொடி மட்டும்
கடல் வந்து போகுமாம்.
"எறங்கிப் பாத்தியாண்ணா?"
"பாக்காம?"
நான் டீயை ஊதிக் குடித்தேன்.
அந்த ஒரு நொடிக் கடலை
என்னிடம்கூட அவன் சொன்னதில்லை.

பொன்னேரிக்கு அப்புறம்தான் காற்று மாறியது.
தை மாத நெல், அறுத்தும் அறுக்காமலும்.
டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள்
ரேஷன் கடை வரிசை போல நடந்தன.
திருப்பாலைவனத்தில் வழி கேட்கத் தேவையே இல்லை,
ஆனாலும் நிறுத்தி வழி கேட்டான்.

பழவேற்காட்டு ஏரியில்
தூரத்தில் பூநாரைகள், வெளிறிய ரோஸில்.
"எவனோ வெள்ளைத் துணியோட
செவப்பு சாக்ஸை சேத்துப் போட்டுட்டான்" என்றான்.
அன்றைக்கு அவன் சிரித்தது அப்போதுதான்.
சூப்பர்வைசர் இல்லாத சிரிப்பு.

ஹமீதாக்கா கடையில் நண்டுக் குழம்பு.
ஓட்டை உடைக்கும்போது மார்பில் தெறித்தது.
தண்ணீர் தொட்டுத் துடைக்கப் போனேன்,
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
ரொம்ப நேரம் விடவில்லை.
ஹமீதாக்கா வேறு பக்கம் பார்த்தபடி
இன்னொரு கரண்டி ஊற்றினார்.

வீட்டுக்கு வர ஒன்பதரை ஆனது.
பத்தொன்பதாம் தேதி திரும்பக் கப்பல்.
சட்டையை நானே ஊறவைக்கிறேன் என்று
பக்கெட்டில் தண்ணீர் பிடித்தான், தூளைப் பிரித்தான்.
அப்புறம் சட்டையை முகத்தருகே கொண்டுபோய்
ஒவ்வொன்றாய்ப் படித்தான்.
காலரில் அத்திப்பட்டு.
கைமடிப்பில் மீஞ்சூர் கிரீஸ்.
மூன்றாம் பட்டனுக்குப் பக்கத்தில் பழவேற்காடு.
எண்ணூர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தண்ணீர் லாரி வராது.
அந்த பக்கெட்டை எடுத்துப்போய்
நான் பாத்திரம் கழுவினேன்.