வெளிப்பக்கம்

ஆயிரம் ஸ்டிக்கருக்கு அறுநூறு கேட்டான்
சிவாஜிநகர் அச்சகத்துக்காரன்.
அந்த மாதம் என் கையில் ஓர் அரம்,
நாற்பது வெற்றுச் சாவி,
எந்தத் தச்சனோ விட்டுப்போன சிவப்புப் பென்சில்.

பென்சில் போதும் என்று பட்டது.

ஈஜிபுரா, விவேக்நகர், நீலசந்திரா.
லிஃப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்து ஏறினேன்.
நிலைக்கட்டையில், பூட்டுக்கு ஒரு ஜாண் மேலே,
பத்து இலக்கம்.
பக்கத்தில் ஒரு சாவி வரைந்து பார்த்தேன்
மீன் மாதிரி வந்தது
அழித்துவிட்டேன்.

வீட்டுக்குள் இருப்பவருக்கு நான் எதற்கு?
ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் என் எண் இருந்தால்
அதுவும் உள்ளேதானே மாட்டிக்கொள்ளும்.
என் வாடிக்கையாளர் நிற்கும் இடம் ஒன்றே ஒன்று
தன் கதவுக்கு வெளியே
கையில் குப்பைப் பையோடு
காலில் செருப்பில்லாமல்.
அந்த நேரத்தில் அவர் கண் எங்கே போகும் என்று
எனக்குத் தெரியும்.

வாட்ச்மேன் பசப்பா ஒருமுறை துரத்தினார்.
அவர் சைக்கிளுக்குச் சும்மா ஒரு சாவி போட்டுக் கொடுத்தேன்.
மறுவாரம் மீட்டர் பெட்டி மேல் அவரே எழுதினார்
என் எண்ணை, அழகாக, கன்னட இலக்கத்தில்.
பிஜி பையன்கள் அதைக் கோலம் என்று நினைத்தார்கள்.

உகாதிக்கு வெள்ளையடித்ததில் மூன்று தெரு போயிற்று.
பதினோரு வாரத்தில் பதினான்கு அழைப்பு.
அதிலும் இரண்டு பேர்
லோன் வேண்டுமா சார் என்றார்கள்.

ஆகஸ்ட் மாதம்.
ரெஜினா அக்கா மகள் வளைகாப்புக்கு
கே.ஜி.எஃப் போயிருந்தாள்.
இரவு பதினொன்றரைக்கு மழை,
கொடியில் துணி,
ஓடினேன்.
பின்னால் காற்று கதவைச் சாத்தியது.
க்ளிக்.
அந்தச் சத்தத்தில்தான் நான் சோறு தின்கிறேன்.

உள்ளே போன், பை, கொக்கி, அரம்.
வெளியே லுங்கியில் நான்,
தோளில் மூன்று ஈரச் சட்டை.
ஊர்க் கதவிலெல்லாம் எழுதியவன்
என் கதவில் எழுதியிருக்கவில்லை.

எதிர்வீட்டு மெஹ்ருனிசா எட்டிப் பார்த்தார்.
மூன்று வருடமாக எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்.
"கவலைப்படாதீங்க, சாவிக்காரன் நம்பர் இருக்கு"
என்று டார்ச் அடித்துத் தன் நிலைக்கட்டையைப் படித்தார்,
ஒவ்வோர் இலக்கமாக.
நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
என் எண்ணை இன்னொருவர் வாய்விட்டுப் படித்து
அதுவரை நான் கேட்டதில்லை.

என் கதவுக்குப் பின்னால் மணி அடித்தது.
ஓர் அழைப்பும் தவறக்கூடாதென்று
ஒலியை உச்சத்தில் வைத்திருந்தேன்.
மேல்மாடியில் விளக்கு எரிந்தது.
அவர் கதவைப் பார்த்தார், போனைப் பார்த்தார்,
பிறகு என்னை.
சிரிப்பு மூன்றாம் மாடியில் தொடங்கி
மீட்டர் பெட்டி வரை இறங்கிற்று.

யாரோ கொண்டை ஊசி நீட்டினார்கள்.
ஒன்பது வினாடி. ஒரு பையன் எண்ணினான்.
கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.
தட்டவில்லை.
எல்லோரும் மெல்லத் திரும்பித்
தங்கள் தங்கள் கதவைப் பார்த்தார்கள்.

காலையில் ஐந்து வீட்டில் பூட்டு மாற்றச் சொன்னார்கள்.
பூட்டு விற்பது என் தொழில் இல்லை.
அன்றிலிருந்து ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கன்டோன்மென்ட்டில் ரயில் இறங்கி
ஆட்டோ ஏறிய ரெஜினாவிடம்
ஓட்டுநர் ஒரு கதை சொன்னாராம்
தன் வீட்டுக்கே நுழைய முடியாத சாவிக்காரன் கதை.
அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு
அந்த ஆள் நம்பர் உங்ககிட்ட இருக்கா என்றாளாம்.

இருந்தது.