ஆறாம் மேசை

ஒஹாயோவில் ஏக்ரன் நகரம்.
ஸ்லோவாக் சங்கத்தின் கூடம்.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பொம்மைச் சந்தை.
மேசை வாடகை நாற்பது டாலர், காப்பி இலவசம்.
காப்பியும் அந்த விலைக்குத் தகுந்தபடிதான் இருக்கும்.

என்னிடம் நாரையின் வண்டிகள் மட்டும்.
காமிக்ஸில் பிறந்து
சதுப்பில் ஒற்றைக்காலில் திருடருக்குக் காத்து நின்றவன்
திரைக்கு வந்தபின் ஐந்து முறை ஆள் மாறிவிட்டான்.

முதல் நாரைக்குத் தொந்தி உண்டு.
வியாழன் மாலை தொலைக்காட்சியில்
குத்துவிட்ட கையோடு நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பான்.
அவன் வண்டி எலுமிச்சை மஞ்சள்.
கூரையை அழுத்தினால் முன்னால் அலகு பாயும்.
அலகில் ஒரு ரப்பர் மீன்.
அந்த மீன் எந்த வீட்டிலும் ஒரு வாரம் தங்கியதில்லை,
நாய் விழுங்கியிருக்கும்.

இரண்டாமவன் பாடினான்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாமவன் மழையில் மட்டுமே வருவான்.
தாடை தெரியும், முகம் தெரியாது.
படம் முழுக்க இருமலைப் போல ஒரு குரல்.
அவன் வண்டி கறுப்பு, கதவு கறுப்பு, கண்ணாடியும் கறுப்பு.
கட்டிலடியில் தொலைத்த பிள்ளைகள்
டார்ச் அடித்துத் தேடினார்கள்.

நான்காமவனுக்கு வண்டியே இல்லை, நடந்தான்.
பொம்மைக் கம்பெனி சும்மா இருக்குமா?
படத்தில் எங்குமே இல்லாத ஹெலிகாப்டர் ஒன்றைச் செய்து விற்றது.

ஐந்தாவது நாரை பெண்.
காலையில் என் மேசைக்கு முன்னால்
நரைத்த ஆண்கள் இருவர்
அவள் பொருட்டு அடித்துக்கொள்ளாத குறை.
இன்று முதலில் விற்றது அவள் வண்டிதான்.

பதினொரு மணிக்கு வந்தான் கோல்பி.
ஒன்பது வயது இருக்கலாம்.
கூட வந்தவரை ஆரின் என்று பெயர் சொல்லித்தான் அழைத்தான்,
பக்கத்து வீட்டுக்காரரை அழைப்பதுபோல.

"மஞ்சள்தான் நிஜம். அப்பா சொல்லியிருக்கார்."

"நான் மழை நாரையோட வளர்ந்தவன்" என்றார் ஆரின்
கறுப்பு வண்டியை உள்ளங்கையில் எடை பார்த்தபடி.

"ஆள் மாறினா அது வேற ஆள்.
முகமூடி போட்டுக்கிட்டா ஆச்சா?"

ஆரின் முகத்தில் ஈயாடவில்லை.

நான் வியாபாரி, எனக்கெதற்கு வம்பு.
ஆனாலும் கறுப்பைக் கவிழ்த்து
அடித்தகட்டைக் காட்டினேன்.
மஞ்சளில் இருக்கும் அதே எண், அதே ஆண்டு.
புது அச்சு செய்யக் கம்பெனிக்கு மனமில்லை.
பழைய அச்சில் வார்த்து
அலகை மட்டும் விட்டுவிட்டுக்
கறுப்பு அடித்தார்கள்.
அலகு வந்துபோன துளை இன்னும் உண்டு,
மேலே ஒரு ஸ்டிக்கர்.

பையன் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினான்.
சுரண்டினால் விலை பாதி.
வாயைத் திறக்காமல் நின்றேன்.

துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான்.
"ஸ்பிரிங் இருக்கு."
யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.
கூரையை அழுத்தினான்.
டிக்.
மறுபடியும் டிக்.
இல்லாத அலகு
ஏழெட்டு முறை பாய்ந்து திரும்பியது.

ஆரின் கறுப்பை வாங்கினார். பேரம் பேசவில்லை,
பேசியிருந்தால் குறைத்திருப்பேன்.
அந்த உறுத்தலில் கொசுறாக
மஞ்சள் வண்டியின் ஓட்டுநரைக் கொடுத்தேன்,
ஒரு கை உடைந்த தொந்திக்காரன்.
கறுப்பின் இருக்கையில் அவன் வயிறு இடித்தது,
கதவு சாத்தவில்லை.

"திறந்துகிட்டே ஓட்டட்டும், விடு" என்றார் ஆரின்.
பையன் சிரிக்கவில்லை.
ஆனால் கதவை அமுக்குவதை நிறுத்தினான்.

வாசல் கண்ணாடி வழியே பார்த்தேன்.
வெளியே அழுக்குப் பனி,
உப்புக்கறை படிந்த ஆரினின் கார்.
ஏறுவதற்கு முன் பையன் எக்கி நின்று
அதன் கூரையை
உள்ளங்கையால் ஒரு முறை அழுத்தினான்.
பனிதான் கொஞ்சம் சரிந்தது.

அதற்குள் இங்கே யாரோ
அந்த ஹெலிகாப்டர் என்ன விலை என்கிறார்.